சைனுக்குச் செபராங்

ஜார்ஜ்டவுன்,
3 மார்ச் 2025

அன்புள்ள அதிராவுக்கு,

மெல்பர்னில் எல்லோரும் சௌக்கியமா? போனில் பேசினால் உன் அண்ணன் காதில் விழும், அதனால் மெயிலில் எழுதுகிறேன். மோட்டார் விபத்துக்குப் பிறகு, வீல்சேரில் உட்கார்ந்ததிலிருந்து அவர் வாசலைத் தாண்டவே இல்லை. இத்தனைக்கும் இரண்டே படி. பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிவிட வந்தால், "நான் என்ன அரிசி மூட்டையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சிரிப்பு என்பதே போய்விட்டது. இப்படியே முடங்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் படிமேல் இரும்பில் ஒரு சரிவுப்பாதை போட நினைக்கிறேன். புக்கிட் தெங்காவில் பட்டறை வைத்திருக்கும் ஹஸ்ருல், நீளம் சொன்னால் வெட்டித் தருகிறேன் என்கிறார். படி உயரம் 30 சென்டிமீட்டர். படியிலிருந்து கேட் வரை 360. நீதான் கணக்கு டீச்சர், கொஞ்சம் சொல்லம்மா.

உன் அண்ணி,
சாந்தினி


மெல்பர்ன்,
5 மார்ச் 2025

அன்பான அண்ணி,

பக்கத்தில் இருந்து நான் செய்ய வேண்டியதையெல்லாம் நீங்கள் ஒருவராகச் செய்கிறீர்கள். அதை நினைக்காத நாளில்லை.

சரிவு ஐந்து டிகிரிக்கு மேல் போகக்கூடாது. கேட் பக்கம் சரிவு தரையைத் தொடும் மூலையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஃபெர்ரி ஜெட்டியில் நின்றால் எதிர்க்கரையில் செபராங் தெரியுமே, மலாயில் 'எதிர்ப்பக்கம்' என்றுதானே அதற்கு அர்த்தம், அதுபோல எதிரே நிற்கும் படியின் உயரம்தான் செபராங். சைனுக்குச் செபராங், அவ்வளவுதான். செபராங்கை ஐந்து டிகிரி சைனால் வகுத்தால் இரும்பின் நீளம். அதைக் கொசைனால் பெருக்கினால் தரையில் அது பிடிக்கும் இடம். அது 360-க்குள் அடங்க வேண்டும்.

உங்கள் அளவெடுப்பு எனக்குத் தெரியும், ஜன்னலுக்கு எட்டாமல் போன திரைச்சீலை தைத்த கதைதான். இன்னொரு தடவை அளந்துவிட்டுக் கணக்கை நீங்களே போடுங்கள்.

அன்புடன்,
அதிரா


ஜார்ஜ்டவுன்,
16 மார்ச் 2025

என் அதிராவுக்கு,

அளவு சரிதான், மண்டைதான் சரியில்லை. சைனுக்கு 'செ' என்பது மட்டும் நினைவில் நின்றது. செபராங்கை விட்டுவிட்டு, மலாயில் 'பக்கத்தில்' என்று அர்த்தம் வரும் செபெலாவைப் பிடித்துக்கொண்டேன். தரை நீளம் 360-ஐ சைனால் வகுத்து, ஹஸ்ருலிடம் நாற்பத்தொரு மீட்டர் வெட்டச் சொன்னேன். "காக்" என்று மலாயில் அக்கா போட்டு, "வீல்சேருக்கா, ஃபெர்ரிக்கா?" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

உள்ளேயிருந்து உன் அண்ணன் சிரித்தார், அதிரா. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன். "கொண்டா இங்க, உனக்கு எதுக்கு இந்த வேலைலாம்" என்று காகிதத்தையும் கால்குலேட்டரையும் வாங்கி அவரே போட்டார். நீளம் 344, தரையில் 343. ஹஸ்ருலுக்கும் அவரே போன் பண்ணினார்.

நேற்றுப் பொருத்தியாயிற்று. நான் பின்னால் பிடித்துக்கொண்டு போனேன். பாதியில், "கைய எடு சாந்தி" என்றார். எடுத்தேன். கீழே போய், கேட்டுக்கு வெளியே திரும்பி, தானே சக்கரத்தைத் தள்ளி ஏறி வந்தார்.

உனக்கு எப்படி நன்றி சொல்வேன்? நீ தூரத்தில் இருப்பதாக இனி சொல்லாதே. இந்த வீட்டு வாசலே உன்னால்தான் திறந்தது.

இன்று காலை இரண்டு பேரும் பசாருக்குப் போனோம். அவர் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறார், நான் கூடையோடு ஓடுகிறேன். "கொஞ்சம் மெதுவாப் போங்களேன்" என்று கத்தினேன். அந்த வார்த்தையை இனி அவரிடம் சொல்லவே வேண்டியிருக்காது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

நன்றியுடன்,
உன் அண்ணி சாந்தினி