பெல்ட் ஆறும்வரை

மினசோட்டா, ஜனவரி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் இப்போது படியேற விடுகிறதா? நான் நலம். வேலையும் நிலைத்துவிட்டது.

நான் எஞ்சினைப் பிரித்துக் கட்டிய நாலுசக்கர மோட்டார் வண்டியை, அதன் சொந்தக்காரர் வெண்டெல் உறைந்த ஏரியின்மேல் விரட்டிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். உடனே வண்டியைச் சோதனை உருளைமேல் ஏற்றிப் பின்சக்கரத் திறனை அளந்தோம். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் நாற்பத்திரண்டு குதிரைத்திறன், இப்போது முப்பத்தாறுதான்.

“இருந்ததையும் கெடுத்துட்டாளே!” என்று கத்தினார் வெண்டெல். முதலாளி லைல் என்னையே பார்த்தார். நான் வண்டியருகே குனிந்தேன். எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் பெல்ட்டின் மூடியைத் தொட்டதும் கை சுட்டுவிட்டது. சின்னக் கொப்புளம்தான், பயப்படாதீர்கள்.

“எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. பெல்ட் சூடேறி வழுக்குது. ஒரு மணி நேரம் ஆற விடுங்க,” என்றேன்.

மூடியைக் கழற்றி, பனிக்காற்று வரக் கதவைத் திறந்துவைத்தோம். மறுபடி அளந்தால் நாற்பத்தேழு!

“வாயை விட்டுட்டேன், பொண்ணு,” என்றார் வெண்டெல்.

“திங்கட்கிழமையிலேர்ந்து நீ நிரந்தரம்,” என்றார் லைல். கழிவறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

நம்மூர் மிளகாய் சாஸ் இரண்டு பாட்டில் அனுப்புங்கள். இங்கே எதிலும் உறைப்பில்லை. ஞாயிறு போன் செய்யுங்கள். பேச ஒன்றுமில்லை என்றாலும் உடனே வைத்துவிடாதீர்கள்.

பட்டறையைப் பூட்ட லைல் சாவியோடு நிற்கிறார், முடிக்கிறேன்.

உங்கள் ஒடெட்