யோசிக்கிறவருக்கு அவசரக்காரி எழுதுவது

வாழ்ந்த காலமெல்லாம் என்னை "இரு, இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்த என் மாமாவுக்கு,

மலைமேல் கரியாலூரிலிருந்து எழுதுகிறேன். நம் மகள் சுமதி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு ஓர் அறை எடுத்திருக்கிறாள். இப்போது அவள் பள்ளிக்குப் போய்விட்டாள், நான் மட்டும் இருக்கிறேன். வெயில் வந்தும் குளிர் விடவில்லை. உங்கள் சால்வையைத்தான் போர்த்தியிருக்கிறேன். நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, அது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

பொங்கல் லீவுக்கு வந்தபோது சுமதி போனை என் முன்னால் நீட்டினாள். "யம்மா, எங்க டிரெய்னிங்ல குடுத்தாங்க. பதில் சொன்னா நீ எந்த மாதிரி ஆளுன்னு சொல்லிடும்." ஏகப்பட்ட கேள்வி. முடிவெடுக்கும்போது மனசு சொல்வதைக் கேட்பீர்களா, மூளை சொல்வதைக் கேட்பீர்களா என்று ஒன்று. "ரெண்டும் பேசறதுக்குள்ள நான் முடிவு எடுத்துடுவேன். அப்படி ஒண்ணு இருக்கா பாரு" என்றேன். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்புறம் உங்களுக்காகவும் நாங்களே பதில் சொன்னோம். எல்லாவற்றுக்கும் 'சில சமயம்' என்பதையே அழுத்தினோம். வேறு என்ன செய்ய? கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் ஒரு வேட்டிக்கு நீங்கள் நின்ற நேரத்தைப் பார்த்து, கடைக்காரரே நாற்காலி போட்டுக் கொடுத்தாரே. இந்த வருஷம் கரும்பா, மரவள்ளியா என்று கேட்டால், பக்கத்து நிலத்தில் நட்டது முளைத்த பிறகும் வரப்பில் நின்று யோசிப்பீர்கள். நான் கத்துவேன். "இன்னாடி அவசரம், பஸ்ஸா போவுது? யோசிச்சிக்கினு இருக்கேன் இல்ல" என்பீர்கள்.

அந்த லீவு முடிவதற்குள் சுமதி விஷயத்தைச் சொன்னாள். கூட வேலை பார்க்கும் மாதேஷ் என்ற வாத்தியாரைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த மலைக்குடும்பத்துப் பிள்ளை. நான் அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை. "முடியாது" என்றேன். பெயரைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நம் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்பது மட்டும் தெரிந்தது, அது போதுமாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அப்பா இருந்திருந்தா இன்னா ஏதுன்னாவது கேட்டிருப்பாரு" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, அழுதுகொண்டே தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டாள். அதற்கப்புறம் இரண்டு மாதம் போனில் "சாப்ட்டியா", "சாப்ட்டேன்", அவ்வளவுதான். நமக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவளும் என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

வேறு வழி தெரியாமல் உங்கள் வழிக்கு வந்தேன். போன வாரம் ஏரிக்கரை அம்மன் கோயிலுக்குப் பூக்கட்டிப் போட்டுப் பார்க்கப் போனேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் போட்டுப் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். எத்தனை தடவை உங்களுக்காக நான் அந்தப் பொட்டலங்களை மடித்துத் தந்திருப்பேன்?

இந்தத் தடவை மடிக்கும்போது பழைய தப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது, மாமா. சுமதியை விழுப்புரத்தில் ஹாஸ்டலில் விட்டுப் படிக்கவைப்பதா வேண்டாமா என்று நீங்கள் நாள் கணக்காகத் தவித்தீர்களே, அன்றைக்கு நான் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்தேன். சாமியிடமே கள்ளத்தனம். அதைப் பூசாரியிடம் சொல்லி அழுதுவிட்டேன்.

அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "அது அன்னிக்கே அவருக்குத் தெரியும் தங்கச்சி" என்றார். "நீ கோயில சுத்தப் போயிருந்த. அவரு இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சிப் பாத்துட்டு சிரிச்சாரு. 'அவ எப்பவோ முடிவு பண்ணிட்டா பூசாரி. புள்ளைய வுட்டுட்டு இருக்க எனக்குத்தான் மனசு பழகணும், அதுக்குத்தான் இத்தினி நாளு'ன்னாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

அடப்பாவி மனுஷா. முடிவெடுக்கத் தெரியாதவர் என்று நாலு பேர் முன்னால் உங்களை ஏசியிருக்கிறேன். ஒருநாளாவது திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா? எனக்குப் பட்டென்று வருவது என்ன, தெளிவா, பயமா? யோசித்தால் பயம் வந்துவிடும் என்றுதான் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று சொல்லித் தொலைக்கிறேனா? அந்தப் போனில் இதற்கு ஒரு கேள்வியும் இல்லை.

பூப் போட்டுப் பார்க்கவில்லை. இரண்டு பொட்டலத்தையும் பிரித்து, பூவை அம்மன் காலடியிலேயே வைத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். நேற்றுக் காலை கச்சிராயபாளையம் போய் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

கதவைத் திறந்த சுமதி உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. "முடியாதுன்னு சொல்லத்தான் இம்மாந்தூரம் வந்தியா?"

"தெரியலடி" என்றேன். "எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியல. அந்தப் புள்ளையப் பத்திச் சொல்லு, கேக்கறேன்."

 அவள் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் வரை அவள்தான் பேசினாள். நடுவில் நாலைந்து தடவை வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். எவ்வளவு கஷ்டம் மாமா அது. நீங்கள் எப்படித்தான் இருந்தீர்களோ.

இன்றைக்குப் பள்ளி விட்டதும் மாதேஷ் வீட்டுக்குப் போகிறோம். அவருடைய அம்மா எனக்காகச் சாமைச் சோறு ஆக்குகிறாராம். காலையில் கிளம்பும்போது சுமதி செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள், "போய்ப் பாத்துட்டு உனக்குப் புடிக்கலன்னா?"

"மறுபடியும் போவோம்" என்றேன்.

செருப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் விலக்கி அனுப்பினேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த அம்மா பேசி முடிக்கும்வரை நான் பேச மாட்டேன். என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அது எதுவாக இருந்தாலும், நம் பிள்ளையை இன்னொரு தடவை அழுதுகொண்டே தனியாகப் போகவிட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள், சுமதியின் அம்மா,
ராணி