கடவுள் போட்டுக்கொண்ட ஊசி

அன்பு அக்காவுக்கு, உன் பிள்ளைகளின் பிரதாபம் மிக்க மாமன் வணங்கி எழுதுவது. நான் நலம்; உன் சர்க்கரைதான் என்னைத் தின்கிறது. எவரும் நம்பாத கதையொன்றைச் சத்தியமிட்டுச் சொல்கிறேன்.

நேற்று, நான் ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஆஸ்பத்திரிக்குக் கடவுளே வந்தார். எழுபதாயிரமாவது டோக்கன். இன்சுலின் போட்டுக்கொண்டு என் காதைத் திருகினார்.

"நீ ஊர் திரும்புற வரைக்கும் ஊசி போட மாட்டேன்னு உங்க அக்கா நேர்ந்துக்கிட்டாளாமே? நான் கேட்டேனாடா?"

"நான் சொன்னா கேக்க மாட்டா, சாமி!"

"அப்ப நான் சொன்னேன்னு எழுது!"

அக்கா, எனக்கு லீவு கிடைக்க இன்னும் எட்டு மாதம். காலில் விழுகிறேன், இன்றே போடு. போட்டதும் ஒரு போட்டோ அனுப்பு.

வார்டில் கூப்பிடுகிறார்கள். கடவுள் வந்தது புளுகு. மகனுக்காக இப்படியே நேர்ந்துகொண்டு ஊசியை நிறுத்திய ஓர் அம்மாவை நேற்று நான் உள்ளே தள்ளிப்போனதும், முகத்தை மூடி வெளியே கொண்டுவந்ததும் மட்டும் நிஜம்.

உன் தம்பி