மூன்று கூப்பன் வெட்டிய உப்பு ரயில் பத்திரம்

என் அன்பு மச்சான் சவரிமுத்துவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தபால் உண்டா, தெரியாது. மாதா கோயில் மாத இதழான பங்கு மலரில் ஒரு பக்கம் தருகிறேன் என்று பங்குச் சாமியார் சொன்னார். ஊர் படிக்கும்போது உனக்கும் எட்டும் என்று நம்பி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஒன்பதாம் வகுப்பில் நீயும் நானும் சேர்ந்துதானே தோற்றோம்?

முதலில் நல்ல செய்தி. நம் பெண் ஸ்டெல்லாவுக்குப் போன மாதம் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை திண்டிவனத்துப் பையன். உன் தங்கை அழுதாள். நான் அழவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அடுத்தது, இத்தனை நாள் உன்னிடம் மறைத்தது. உன் ரயில் பத்திரத்தை நான் கெடுத்துவிட்டேன் மச்சான்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், நீ கொஞ்சம் பொறு. நம்மூர் உப்பளத்தில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. பெரிய ரயில் இல்லை. இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே ஒரு ஆடு படுத்தால் நிறைந்துவிடும், அவ்வளவு குறுகல். பாத்தியிலிருந்து கால்வாய்ப் படகுத்துறை வரை உப்பு வண்டிகளை இழுத்துப்போக ஒரு சின்ன என்ஜின். வெள்ளைக்காரன் காலத்துக் கம்பெனி ஒன்று, பத்திரம் அச்சடித்து விற்றுப் பணம் திரட்டிப் போட்ட பாதை. மூன்றாவது மழைக்காலத்தில் அது சேற்றில் அமிழ்ந்தது. மிச்ச இரும்பை உப்பு தின்றது. கம்பெனியும் காணாமல் போனது.

இதை நீ டீக்கடையில் சொன்னபோது முதலில் சிரித்தவன் நான்தான். "உப்பளத்துல ரயிலா? டிக்கெட்ட எங்க மச்சான் குடுத்தாங்க, ஐஸ் கம்பெனியிலயா?" என்றேன். நீ கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துப்போய், வாய்க்காலைத் தாண்டக் குறுக்கே போட்டிருந்த இரும்பைக் காட்டினாய்.

"பாரு மாப்ள, இதான் தண்டவாளம்."

"எவன் வூட்டு உத்தரமோ!"

பிறகு பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அந்தப் பத்திரம் உன் கண்ணில் பட்டது. கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றிக் கொடுத்து வாங்கி வந்தாய். மேலே புகை விடும் என்ஜின் படம், அதன் கீழே இங்கிலீஷில் நம்மூர்ப் பெயர். எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தேன். கீழ்ப்பாதியில் தபால்தலை மாதிரி இருபது கூப்பன்கள். வருஷத்துக்கு ஒன்றை வெட்டிக் கொடுத்தால் கம்பெனி வட்டி தருமாம். மூன்று வெட்டியிருந்தது. பதினேழு அப்படியே இருந்தது.

"மூணு வருஷம் ஓடுச்சு, நின்னுடுச்சு. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும் மாப்ள?" என்றாய்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதை என் கையில் கொடுத்தாய். "கல்யாணம் பண்ணிக்கல, சொத்தும் சேக்கல. ஸ்டெல்லா கல்யாணத்துல தாய்மாமன் சீருன்னு இத வையி. ஜாக்கிரதையா வச்சிரு." நான் தலையாட்டினேன்.

ஜாக்கிரதை என்றால் எனக்கு என்ன தெரியும்? நம்மூர்க் காற்றில் பீரோவே துருப்பிடிக்கிறது. ரயிலைத் தின்ற உப்பு காகிதத்தை விடுமா? பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்துவிட்டேன். ரேஷன் கார்டு, ஸ்டெல்லாவின் மார்க் ஷீட், என் சுகர் ரிப்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதானே?

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, பழைய பத்திரங்கள் சேகரிக்கிற ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். நின்றுபோன ரயில்களின் பத்திரங்களைத் தேடிச் சேர்க்கிற ஆட்கள் உலகமெல்லாம் இருக்கிறார்களாம். பெருமையாக எடுத்து நீட்டினேன். பளபளவென்று மின்னியது. அவர் தொடக்கூட இல்லை.

"ஐயோ, லேமினேட் பண்ணிட்டீங்களா சார்? இனிமே பிரிச்சா கிழிஞ்சிடும். இத யாரும் சேத்துக்க மாட்டாங்க சார்."

டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

உன் ஒரே சீரை நானே சூடு வைத்துக் கொன்றுவிட்டேனா? நாலு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு பட்டுப்புடவை வாங்கி, மாமன் கொடுத்தது என்று தட்டில் வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். உன் தங்கைதான் பிடித்தாள். நான் சோற்றை மீதி வைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஸ்டெல்லாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் பத்திரத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, மாமா இத விக்கச் சொல்லியா குடுத்தாரு?"

"இல்லம்மா. சீர் வைக்கத்தான்."

"அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுனு இருக்க? தட்டுல வையி. நீ மேல விழுந்து அழுதாலும் நனையாது."

வைத்தோம் மச்சான். வெற்றிலை, பழம், பூ, நடுவில் உன் ரயில். சாமியாரே குனிந்து பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "பொண்ணு ரயில்வேயிலயா வேல பாக்குது?" என்று என் காதில் கேட்டார். "இல்லீங்க, அது அவ தாய்மாமன் ரயிலு" என்றேன். எந்த ஊரில் ஓடுகிறது என்று கேட்பாரோ என்று பயந்தேன். நல்லவேளை, பந்திக்குக் கூப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் உன் நினைவு நாள் வந்தது. பூசை முடிந்து, புது ஜோடியை வாய்க்காலுக்கு அழைத்துப்போனேன். அந்த இரும்பு இன்னும் கிடக்கிறது. உப்புக் கூடையோடு பெண்கள் அதன் மேல்தான் நடந்து போகிறார்கள். ஸ்டெல்லா பையிலிருந்து பத்திரத்தையும் ஒரு மார்க்கர் பேனாவையும் எடுத்து, நாலாவது கூப்பன் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டாள். எனக்குத் திக்கென்றது.

"பிளாஸ்டிக் மேலதான்ப்பா. காகிதத்துக்கு ஒண்ணும் ஆகல. கம்பெனிக்காரன்தான் வரல, நாம வருவோம். வருஷத்துக்கு ஒண்ணு."

அப்போது மட்டும் கொஞ்சம் அழுதேன். இது ஊருக்குத் தெரியாது, இப்போது தெரிந்துவிட்டது.

இன்னும் பதினாறு கட்டம் பாக்கி. அத்தனை வருஷமும் அந்த இரும்பின் மேல் வந்து நிற்பேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. அதற்காக டீயில் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டேன். உன் தங்கை நம்ப மாட்டேன் என்கிறாள். நீயாவது நம்பு.

உன் தங்கையைக் கட்டிய,
ஸ்டெல்லாவின் அப்பன்,
உன் மாப்ள ஆரோக்கியம்
மரக்காணம்