மான்களுக்குப் போட்ட கௌப்பி

லா ஷப்பல், பரிஸ்
ஒக்டோபர் 2022

அன்புள்ள பிள்ளை துஷாந்திக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகன் எமிலும் கனடாக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க அம்மாளை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். அப்பாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, நாள் முழுக்க றெஸ்ரோரண்டில் நின்ற வேலை, லீவு போடச் சொன்னால் கோபம் வரும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் அழத் தொடங்குவேன், நீ உடனே பிரெஞ்சுக்கு மாறிவிடுவாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். ஆறுதலாக இருந்து முழுவதும் வாசி.

வீட்டுக்குப் பின்னால் காடு வெட்டி மான்களுக்கு மேய்ச்சல் விதைக்கப் போகிறோம் என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோசம். புதுசாக வெட்டின நிலம் புளித்திருக்கும், கொப்புகளை எரித்துச் சாம்பலைப் பரவு, வேர்க்கட்டையைக் கிளப்பாமல் விதைக்காதே என்றெல்லாம் சொல்லித் தந்தேன். குளோவர் புல்லோடு ஒரு மூலையில் கௌப்பிப் பயறும் போடச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பாண்டிச்சேரி ரோசாலியிடமும் பெருமையாகச் சொன்னேன், வாயில்லாத ஜீவனுக்குச் சாப்பாடு போடுறது பெரிய புண்ணியங்க என்றா. வைகாசியில் உன் அண்ணா கிருஷாந்தின் திதிக்கு வழக்கமாகக் கோயிலில் கொடுக்கிற அன்னதானத்தை இந்த வருசம் கொடுக்கவில்லை. துஷாந்தியின் நிலத்தில் மான்கள் தின்னட்டும், அதுதான் கிருஷாந்தின் பேரில் அன்னதானம் என்று அப்பாவிடம் சொன்னேன். அன்றைக்கே அவன் பேரைச் சொல்லிக் கௌப்பி விதைக்கச் சொன்னேன், நீயும் ஓம் அம்மா என்றாய். என்னத்துக்கு விதைக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, சாப்பாடு போடுகிறவரிடம் அதை ஆர் கேட்பது.

போன கிழமை மரத்தில் கட்டின கமரா எடுத்த மான்களின் படத்தை அனுப்பி, இப்ப நல்லாப் பழகிட்டுதுகள் அம்மா, நவம்பரிலை எமில் பரணிலை இருந்து சுடுவார் எண்டு எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா அது அந்த நாட்டுப் பழக்கம், நீ தலையிடாதை என்கிறார், ஆனால் அவரும் படத்தை இரண்டாம் தரம் பார்க்கவில்லை.

2009இல் சண்டையின் கடைசி நாட்களில் அண்ணா எப்படிப் போனான் என்று உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. நீ காய்ச்சலோடு பங்கருக்குள் கிடந்தாய். அங்கை கஞ்சி குடுக்கினம், பயமில்லை, வாங்கோ என்று கூப்பிட்டார்கள், நாங்கள் சட்டியோடு போய் வரிசையில் நின்றோம். சத்தம் கேட்டு எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தோம். அவன் மட்டும் பார்க்கவில்லை, பசி, கஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குள் செல் விழுந்து வெடித்துவிட்டது. இஞ்சையும் மெத்ரோப் பாலத்துக்குக் கீழே அகதிப் பெடியங்களுக்குச் சூப் கொடுப்பார்கள், மேலே ரயில் இடிஇடித்துக்கொண்டு போகும், ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்த வரிசையில் எப்போதும் ஒருவன் அண்ணாவின் முதுகோடு நிற்கிறான். நான் சுற்றி மற்றத் தெருவால் வீட்டுக்கு வருகிறேன்.

எமில் நல்ல பிள்ளை, அவரில் பிழை சொல்லவில்லை. வேட்டை வேண்டுமென்றால் காட்டுக்குள் போகட்டும், அங்கே மான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும், ஓடத் தெரியும். நீங்கள் சாப்பாடு போட்டு நம்பவைத்த இடத்தில் வேண்டாம். அண்ணாவின் பேரில் போட்டதைத் தின்கிற நேரத்தில் வேண்டவே வேண்டாம். இந்தக் கடிதத்தை அவருக்குப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டு, ஒன்றையும் விடாதே. அவருக்கு மனம் வராவிட்டால் நிலத்தை உழுது மூடிவிடு, மான்கள் பசியோடென்றாலும் காட்டுக்குள் உயிரோடு இருக்கட்டும்.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாள் உங்கள் இருவரையும் காப்பாற்றுவா. பரணை இறக்கினதும் எனக்கு உடனே அறிவி. நீ அனுப்பின படத்தில் எல்லா மானும் தலையைத் தூக்கி ஒரே பக்கம் பார்க்குதுகள், கௌப்பி மூலையில் சின்னன் ஒன்று மட்டும் பார்க்காமல் தின்றுகொண்டு நிற்குது.

உன் அம்மா
சாரதாதேவி