மீனு திருப்பிப் பார்த்த முந்தானை

காணும் பொங்கல், ராத்திரி.

திருமுக்கூடல் ஆற்று மணலில் புளிசாதத்தைப் பிரித்ததோடு சரி, ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. பக்கத்தில் ஒரு புதுப்பெண் கல்யாணப் பட்டு கட்டிக்கொண்டு மாமியாரோடு உட்கார்ந்திருந்தாள். என் ஐந்து வயது மீனு நேராகப் போய் அவள் முந்தானையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். எந்தச் சேலையைக் கண்டாலும் அவள் அப்பா செய்கிற வேலை. தறிக்காரர் பெற்ற பிள்ளை வேறென்ன செய்யும்?

"அப்பா, இது கைத்தறி இல்லபா, மிசினு!" என்று கத்தினாள்.

புதுப்பெண்ணின் முகம் சுருங்கியது. "அசல் கைத்தறின்னு சொன்னீங்களே அத்தை?"

என் வீட்டுக்காரர் நெசவாளி என்று நான் சொன்னதும் மாமியார் அவரிடம் வந்தார். "நீயே பாத்து சொல்லுப்பா."

பட்டு விஷயத்தில் பொய்யே சொல்லாத மனுஷன். அந்தப் பெண்ணின் கலங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு, "கைத்தறிதாம்மா, கொழந்தைக்கு என்னா தெரியும்" என்றார். மறுபடி பேச வந்த மீனுவின் வாயில் நான் ஒரு வடையைத் திணித்தேன்.

மாமியாருக்கு வாயெல்லாம் பல். "அப்ப சின்ன மருமகளுக்கும் இதே மாதிரி ஒண்ணு நெய்ஞ்சி குடு. துளிகூட மாறக் கூடாது!"

இவரும் தலையாட்டிவிட்டார்.

மீனு தூங்கிவிட்டாள். இவர் மட்டும் தறி முன்னால் உட்கார்ந்து புலம்புகிறார்: "அவ்ளோ மட்டமா எப்பிடிமா நெய்யறது?"