வாளி தூக்கிய பாடம்

திங்கள், நவம்பர் 10
பாடப்புத்தகம் பொய் சொல்கிறது. ‘அமெரிக்கப் பண்ணை வீட்டில் ஒரு நாள்’ என்ற படம்: மேசையில் ரொட்டி, வெண்ணெய், சிரிக்கும் எசமானி. சமைத்த அடிமைப் பெண்ணைக் காணோம்.

காலையிலிருந்து மழை. ஆறாம் வகுப்புக்கு வரலாற்றுப் பாடம் எடுத்தேன். புத்தகத்தின்படி, போத்தலில் கிரீமைக் குலுக்கி வெண்ணெய் எடுத்துக் காட்டினால் போதுமாம். எனக்குப் போதவில்லை. சீட்டுக் குலுக்கி எசமானி, அடிமை பிரித்தேன். அடிமைகள் முற்றத்துக் குழாயிலிருந்து மாடிக்குத் தண்ணீர் தூக்க வேண்டும். லேனா பாதியில் வாளியை வைத்துவிட்டாள்.
“இனி மாட்டேன்.”
“அடிமைகளால் அப்படிச் சொல்ல முடிந்ததா?” என்றேன்.
அடுத்த வாளியும் அவள்தான் தூக்கினாள்.

செவ்வாய்
பள்ளி வாசலில் லேனாவின் தகப்பன். கைபேசி என் முகத்துக்கு நேரே. “ஜெர்மன் பிள்ளையை அடிமையாக்கியவள் இவள்தான்!” நானும் இதே வுப்பர்டால் நகரில் பிறந்தவள். அதைச் சொல்லாமல் உள்ளே போனேன்.

அம்மா போனில்:
“பட்டரைக் குலுக்கிப்போட்டு வந்திருக்கலாமே பிள்ளை.”
“அது பொய்யம்மா.”
“பொய்யெண்டா இருக்கட்டும். நீ இன்னும் பயிற்சியிலதானே? வாயை மூடிக்கொண்டு இரு.”
அம்மா அலுவலகங்கள் துடைப்பவர். அவர் துடைத்த மேசைகளில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள். எந்தப் படத்திலும் அவர் இல்லை.

புதன்
பால் வாங்க வேண்டும். மறந்தேன்.
பாடம் முடிந்து லேனா வந்தாள். “தோள் நோகிறது என்று மட்டும்தான் அப்பாவிடம் சொன்னேன்.” பிறகு: “சமைத்தவள் எங்கே படுத்தாள்?” அடுப்பங்கரைத் தரையில் என்றேன். எழுதிக்கொண்டாள்.
மாலை, ஆற்றுக்கு மேலே ஓடும் தொங்குரயில். அதே பெட்டியில் லேனாவின் தகப்பன். வேறு நிறுத்தத்தில் இறங்கினேன். அவனும். பேக்கரிக்குள் ஓடினேன். கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்தான், தெரிந்தவன்போல.

வியாழன்
பள்ளி அதிபர்: “வெண்ணெயோடு நிறுத்தியிருக்கலாம். மன்னிப்புக் கடிதம் எழுதுங்கள், அடங்கிவிடும்.” அந்தக் கடைசி வாளிக்காக லேனாவிடம் காலையிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பாடத்துக்காகக் கேட்க மாட்டேன். தகப்பன் ரயிலில் பின்தொடர்ந்ததைச் சொன்னேன். “பொது வாகனம்தானே” என்றார்.

நான்கரை மணி, இருட்டுகிறது. ஆசிரியர் அறையில் நான் மட்டும். ஜன்னலுக்குக் கீழே, வாசலில், அவன். இன்று கூட இன்னொருவன்.
அதிபரின் அறையில் வெளிச்சம் தெரிகிறது. தட்டினேன். திறக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே சொன்னேன்:
“ரயில் வரைக்கும் என்னோடு நடந்து வாருங்கள்.”
உள்ளே கதிரையைத் தள்ளி எழும் சத்தம். வெளிச்சம் அணைந்தது.
இன்னும் பலமாகச் சொன்னேன்:
“என்னோடு வாருங்கள்!”